பிபி மெஷினோட வந்த அக்காவுக்கும், அவங்களுக்கு முன்னாடி வந்தவங்களுக்கும்

நேத்து பாப்பாவுக்கு முதல் பர்த்டே. எல்லாரும் கிளம்புனப்புறம் விருதுநகருக்கு வீடியோ கால் போட்டா அம்மா எடுத்ததும் கேட்டது "அந்தப் புள்ள வந்துச்சா?"ன்னு தான். வந்தாங்கம்மா, பாப்பாவ மடியில வச்சுக்கிட்டே இருந்தாங்க. போன வருஷம் சொல்லாம விட்ட நன்றிய இங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.

அக்கா இங்க அமெரிக்காவுல, அட்லாண்டாவுல டூலாவா இருக்காங்க, அதாவது பேறுகாலத்துலயும் அதுக்கப்புறமும் கூடவே நிக்கிறவங்க. ரெண்டு கறுப்பினப் பெண்கள் ஆரம்பிச்ச ஒரு சின்ன அமைப்புல இருக்காங்க, பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க. பிரசவமாகி ஒன்பதாவது நாள் எனக்கு மண்டைய பிளக்கிற வலி, கால் வேற வீங்கியிருந்துச்சு, அம்மா பச்ச உடம்பு அப்படித்தான் இருக்கும்னாங்க, ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணா தூக்கம் இல்லாததால இருக்கும் மாத்திர போடுங்கன்னாங்க. அன்னைக்கு மத்தியானம் அக்கா சும்மா பாத்துட்டு போக வந்தாங்க. என் மூஞ்சிய பாத்ததும் பையில இருந்து பிபி மெஷின எடுத்து, கால தரையில வச்சு அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருன்னு சொல்லிட்டு பாத்தாங்க. 168க்கு 112. மறுபடி பாத்தாலும் அதே கத. குளிச்சிட்டு வரேன்னு நான் சொல்லும்போதே என் செருப்ப எடுத்து கால்கிட்ட போட்டுட்டாங்க. எமர்ஜென்சில உள்ள நுழைஞ்சதும் "இவங்களுக்கு ஒன்பது நாள் முன்னாடி குழந்த பிறந்துச்சு"ன்னு மூணு பேர்கிட்ட மூணு தடவ சொன்னாங்க. வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் டிரிப் 24 மணி நேரம் ஏத்துனாங்க, உடம்பெல்லாம் தீயா எரிஞ்சுச்சு, ஆனா உயிரோட இருக்கேன்.

பையில ஏன் எப்பவும் அந்த மெஷின்னு அப்புறம் தான் கேட்டேன். அப்ப ஷாலன் இர்விங் பத்தி சொன்னாங்க. இதே அட்லாண்டா, 36 வயசு, சிடிசிங்கற அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு அமைப்புல தொற்றுநோயியல் நிபுணர், யாருக்கு மருத்துவம் சரியா கிடைக்கல ஏன் கிடைக்கலங்கறது தான் அவங்க வேலையே. பிரசவத்துக்கப்புறம் உடம்பு சரியில்லன்னு திரும்பத் திரும்ப போய் காட்டியிருக்காங்க, பிபி ஏறியிருந்துச்சு, 2017 ஜனவரில குழந்த பிறந்த மூணே வாரத்துல போயிட்டாங்க. அவங்க அம்மா வாண்டா இர்விங் பேத்திய வளத்துக்கிட்டே, மக பேர்ல ஒரு அமைப்பும் தொடங்கினாங்க. 2021 கணக்குப்படி அமெரிக்காவுல கறுப்பினப் பெண்கள்ல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 69.9 தாய்மார் இறந்திருக்காங்க, வெள்ளையர்கள்ல 26.6. படிப்பு வேல எதுவும் காப்பாத்தல.

கறுப்பினப் பெண்களோட உடல்நலத்துக்காகப் பாடுபட்ட பில்லி ஏவரிக்கும் நன்றி சொல்லணும். 1970ல அவங்க வீட்டுக்காரர் 33 வயசுல மாரடைப்புல போனாரு, அவருக்கும் பிபி தான். அதுக்கப்புறம் 1974ல ஃபுளோரிடா கெய்ன்ஸ்வில்ல தோழிகளோட சேர்ந்து பெண்களுக்கான கிளினிக், 1978ல ஒரு பிரசவ மையம், 1983ல இங்க அட்லாண்டா ஸ்பெல்மன் காலேஜ்ல கறுப்பினப் பெண்களோட உடல்நலத்துக்குன்னே பெரிய மாநாடு. பெண்கள் வட்டமா உக்காந்து தன் உடம்பப் பத்தி தன் வாயால சொல்ல, மத்தவங்க குறுக்க பேசாம கேக்கணும், அந்தக் குழுக்கள் இவங்க வளத்தது. அக்கா அன்னைக்கு என் பேச்ச கேட்ட விதத்துக்கு வேர் அங்க இருக்குன்னு நான் நம்பறேன். எனக்காக இதையெல்லாம் யாரும் கட்டல, தன் சொந்தங்கள பறிகொடுத்தவங்க கட்டுனது, அதுல எனக்கும் இடம் கொடுத்தாங்க.

அக்கா, நான் ஆஸ்பத்திரில கிடந்த ராத்திரி நீங்களும் அம்மாவும் ஒரு பாஷ கூட பொதுவா இல்லாம பாப்பாவ மாத்தி மாத்தி தூக்கிக்கிட்டு இருந்தீங்க. அம்மா வச்ச பூண்டு குழம்ப சாப்பிட்டு, அதுல என்னென்ன போட்டாங்கன்னு சைகையிலயே கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டீங்களாம், அத அம்மா ஊரு பூரா சொல்லிட்டாங்க.

மெஷின திருப்பிக் கொடுக்க வந்தப்ப வாங்கல நீங்க, பக்கத்துல யாருக்காவது தேவப்படும்னு சொன்னீங்க. மேல் வீட்டு தெலுங்குப் பொண்ணுக்கு அடுத்த மாசம் டேட். நேத்தே கொண்டு போய் கொடுத்து, காலத் தரையில வச்சு உக்காரச் சொல்லி பாக்கக் கத்துக்கொடுத்துட்டேன் அக்கா.