நாலு பிடிக்காத ஊரில் ஒரு சின்னப் படகு

செகாம்புட், கோலாலம்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் சித்தியும் நலமா? வேலை எப்படி என்று சித்தி போனில் கேட்டபோது தவுக்கே பக்கத்திலேயே நின்றார். முதலாளியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனால் ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு ஒரு ஃபெராரி விற்பனைக்கு வந்திருக்கிறது. 550 பார்க்கெட்டா பினின்ஃபரினா என்று பெயர். நம் ஷெட்டில் அம்பாசிடருக்கு அடியில் படுத்து வேலை கற்றவன் கையில் இப்போது இதைத் துடைக்கும் துணி. பினின்ஃபரினா என்பது இத்தாலியில் ஃபெராரிகளுக்கு உடல் வடிவம் வரைந்து கொடுத்த கம்பெனி. அதற்கு 70 வயது ஆனதைக் கொண்டாட 2000-ல் பாரிஸ் கண்காட்சியில் இந்த வண்டியைக் காட்டினார்கள்.

எஞ்சின் முன்னால்தான் இருக்கிறது, நம் வண்டி மாதிரியே. பானட்டைத் தூக்கினால் பன்னிரண்டு சிலிண்டர், ஆறு ஆறாக வி வடிவில். பழைய அம்பாசிடர் 1,489 சிசி என்று எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தீர்களே, இது 5,474. குதிரைத்திறன் 485. ஆறு கியர், எல்லாம் கையால் போடுவது. கியர் ராடு உலோகத் தகட்டின் வெட்டுக்குள் போகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். தவுக்கே இல்லாத நேரம், எஞ்சினை அணைத்து வைத்தபடியே, கிளட்சை மிதித்து இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சித்தியிடம் சொல்ல வேண்டாம்.

இனிமேல்தான் கதை. இதற்குக் கூரை கிடையாது. அவசரத்துக்கு ஒரு துணி கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு 110 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாதாம். வண்டியோ 300 வரை போகும்! கோலாலம்பூரில் பாதி நாள் சாயங்காலம் மழை கொட்டுகிறது. பார்க்கெட்டா என்றால் இத்தாலியில் சின்னப் படகு என்று அர்த்தமாம். தெரிந்தேதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை வயதான சீனர் ஒருவர் பார்க்க வந்தார். சத்தம் கேட்க வேண்டும் என்றார். முற்றத்துக்கு ஓட்டி வந்து நிறுத்திய கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்துவிட்டது. உள்ளே தள்ளிவிடலாம் என்றால், ‘கூரையைப் போட்டுக் காட்டு’ என்கிறார். அது குடை விரிப்பது மாதிரி இல்லை, பந்தல் போடுவது மாதிரி. நானும் இன்னொரு பையனும் நனைந்து முடித்த பிறகுதான் அது ஒழுங்காக உட்கார்ந்தது. தோல் சீட்டைத் துடைத்து உலர்த்தவே இருட்டிவிட்டது.

அவருக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே டாஷ்போர்டில் செர்ஜியோ பினின்ஃபரினாவின் கையெழுத்தோடு ஒரு தகடு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, இது எத்தனையாவது வண்டி என்று கேட்டார். தவுக்கே காகிதத்தை நீட்டினார். எண்ணில் ஒரு நாலு. அவர் முகம் சுருங்கிவிட்டது.

சீனத்தில் நாலு என்பதும் சாவு என்பதும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. நான் இருக்கும் ஃபிளாட்டின் லிஃப்டில்கூட மூன்றுக்கு அடுத்து 3ஏ, அப்புறம் ஐந்து. இந்த வண்டியையே முதலில் 444 செய்வதாக இருந்தார்களாம். ஜப்பானிலும் நாலு ஆகாது என்பதால் 448 ஆக்கினார்கள் என்கிறார்கள். அப்போதும் இரண்டு நாலு மிச்சம் இருக்கிறதே என்று என்கூட வேலை செய்யும் சீனப் பையனிடம் கேட்டேன். எட்டு பணத்துக்கு உரிய எண்ணாம். ‘செத்துச் செத்துக் கடைசியில் பணம், நம்ம சம்பளம் மாதிரி’ என்றான்.

பெரியவர் இன்னும் போன் பண்ணவில்லை. விலையைத் தவுக்கே எங்களிடம் சொல்வதில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் உறையை எடுத்துத் துடைக்கிறேன், சாயங்காலம் மூடுகிறேன்.

திங்கட்கிழமை பணம் அனுப்புகிறேன். அடைமழைக்கு முன்னால் ஷெட்டின் மேற்குப் பக்கத் தகரத்தை மாற்றிவிடுங்கள். அந்த ஓட்டைக்கு அடியில்தான் கம்ப்ரஸர் நிற்கிறது. பழையதையே ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்