ஆசிட் கேனை மூடி வை, மாப்ளே

ஆனைமலை,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. கைப்பேசியில் நாலு வரி தட்டிவிடாமல் இன்னும் இன்லண்டு வாங்கி எழுதுகிறவன் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான். தபால்காரர் கூட "கோபியிலிருந்துங்களா" என்று கேட்டுத்தான் கொடுத்தார். அத்தைக்கு முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்று விட்டாயிற்று என்பதைப் படித்ததும் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இங்கே தென்னையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வேர்வாடல் வந்த மரங்கள் பதினேழை இந்த வருஷம் வெட்டித் தள்ளினோம். அப்பா வைத்த மரங்கள். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம், எழுதினால் கை வரவில்லை.

இப்போது உன் கடிதத்தின் கடைசி மூன்று வரிக்கு வருகிறேன், உன் நீச்சல் குளத்தின் மேல் அலுமினியச் சட்டத்தில் கட்டிய கொசுவலைக் கூண்டைப் பற்றியது. "குளத்து வலை முழுக்கப் பச்சை பிடித்துவிட்டது. ஒரு கேன் ஆசிட் வாங்கி வைத்திருக்கிறேன். தேங்காய் போடுகிற பையனை மேலே ஏற்றி ஊற்றித் தேய்க்கச் சொல்லப் போகிறேன்." இதைப் படித்ததும் உன்னைப் போனில் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வயலில் இருந்திருப்பாய். உன் வீட்டில் தங்கச்சியிடம் சொல்லி வைத்தேன்: இந்தக் கடிதம் வருகிற வரை கேனைத் திறக்க விடாதே என்று.

திருப்பூரில் இருபது வருஷம் பிளீச்சிங் பட்டறையில் நின்றவனுக்கு நான் போய்ப் பாடம் சொல்கிறேனே என்று சிரிப்பாய். சிரி. ஆனால் அங்கே எதில் எதை ஊற்றலாம் என்று பார்க்க ஒரு மாஸ்டர் இருந்தார். வீட்டில் மாஸ்டர் கிடையாது, நாமேதான். போன கார்த்திகையில் எனக்கு நடந்ததை உனக்கு நான் எழுதவே இல்லை, வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

மழை விட்ட சமயம். குளத்தைச் சுற்றிப் பதித்த கல் எல்லாம் வழுக்கல். நம் தோட்டத்து ஆள் அவனாகவே பிளீச்சிங் பவுடரைத் தூவி வைத்துவிட்டுப் போயிருந்தான், பஞ்சாயத்தில் சாக்கடை ஓரம் தூவுவார்களே, அந்த மாதிரி. எனக்கு அது தெரியாது. டைல்ஸில் மஞ்சள் கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டைக் கொண்டுபோய் மண்டியிட்டு ஊற்றினேன். அடுத்த மூச்சில் நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் வற்றலைக் கொளுத்திப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. கண் திறக்க முடியவில்லை. பவுடரில் இருக்கிற குளோரினை ஆசிட் விரட்டி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் கிடக்கும். நான் மண்டியிட்டு முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் சுவர் இல்லாமல் வலையாக இருந்ததால் பிழைத்தேன் என்று நினைக்கிறேன். இருமிக்கொண்டே காற்று வருகிற பக்கமாக ஓடி, மேட்டில் போய் உட்கார்ந்து, கிணற்று மோட்டார் தண்ணீரில் கால் மணி நேரம் கண்ணைக் கழுவினேன். பொள்ளாச்சியில் டாக்டர் ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம் வரை படுக்க வைத்துத்தான் விட்டார். உடனே ஒன்றும் தெரியாவிட்டாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாமாம். என் வீட்டில் உன் தங்கச்சி என்னிடம் நாலு நாள் பேசவில்லை. அதற்கு முன்னால் அவளிடம் வாங்கிய திட்டு வாயுவைவிடக் காரம்.

அதனால்தான் கேட்கிறேன். உன் தொட்டியில் தண்ணீருக்குக் குளோரின் போடுகிறாய் அல்லவா? வலையில் தெறித்து, கல்லில் காய்ந்து, எங்கேயும் அதன் மிச்சம் இருக்கும். அதன் மேல் ஆசிட்டா? குளோரின் மாத்திரை டப்பாவையும் பிளீச்சிங் பவுடர் பையையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தால் அதையும் இன்றைக்கே பிரித்து வை. இரண்டும் குளோரின்தானே என்று ஒரே டப்பாவில் கொட்டினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அது போக, ஆசிட் அலுமினியத்தைத் தின்றுவிடும். பச்சை போகும், கூடவே குழாயின் பெயின்ட்டும் போகும், ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அடிக்கலாமா என்றும் உனக்குத் தோன்றும், நம் புத்தி அப்படித்தான் போகும். குட்டைப் பாசிக்கு அது சரி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை ஏன் இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது என்று உனக்குத் தெரியும். அலுமினியத்தையும் அந்தச் செம்பு விடாது, புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

சரி, பின்னே என்னதான் செய்வது என்கிறாயா. முதலில் அது பாசிதானா என்று பார்.

இந்த வலைக்கூண்டு யோசனையே என் மருமகனுடையது, உனக்குத் தெரியும். அவர்கள் இருக்கிற ஃப்ளோரிடாவில் தம்பா பக்கம் போனால் வீட்டுக்கு வீடு கொல்லையில் குளம், குளத்தின் மேல் அலுமினியச் சட்டத்தில் கொசுவலை. பூல் கேஜ் என்கிறார்கள். கொசு, இலை, பூச்சி எதுவும் உள்ளே வராது. அங்கேயும் ஈரக் காற்றுதான், அங்கேயும் பச்சை பிடிக்கும். ஆனால் பொண்ணு வீட்டில் எப்போதும் வடக்குப் பக்கம்தான் பச்சை. தம்பா நிலநடுக்கோட்டுக்கு 28 பாகை வடக்கே இருப்பதால் அவர்களுக்கு உச்சி வெயில் வருஷம் முழுக்கத் தெற்கிலிருந்துதான் விழும், வடக்குப் பக்கம் காயவே காயாது. இங்கே என் வலையில் தெற்குப் பக்கமும் மேற்குப் பக்கமும் பச்சையாக இருந்தது. எனக்குப் புரியவே இல்லை. பேரன்தான் வீடியோவில் விளக்கினான்: தாத்தா, நீங்கள் இருப்பது பத்தரை பாகையில். சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் உச்சி வெயில் உங்களுக்கு வடக்கே போய்விடும். சாரல் பெய்கிற மாதமும் அதுதான். தெற்குப் பக்கம் அப்போது நிழல். மேற்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலைக் கொண்டுவந்து அறைகிறது. அறுபத்து மூன்று வயசுக்கு மேல் என் சொந்தத் தோட்டத்தில் சூரியன் எங்கே போகிறது என்று பேரன் சொல்லித் தெரிந்துகொண்டேன். கோபியும் பதினொன்றரைப் பாகைதான், உன் கூண்டிலும் தெற்குப் பக்கத்தைப் போய்ப் பார்.

பச்சையாக, தொட்டால் வழவழவென்று இருந்தால் அது பாசி. கறுப்பாக, காய்ந்த மசி மாதிரி, அதுவும் தென்னை ஓலைக்கு நேர் கீழே மட்டும் இருந்தால் அது வேறு. சுருள் வெள்ளை ஈ மேலே ஓலையில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சித் தேன் மாதிரிக் கழிவை விடுகிறது. அது கீழே சொட்டி, அதன் மேல் கரும்பூஞ்சை பிடிக்கிறது. 2016இல் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் வந்து இறங்கிய சனியன். அதற்கு முன்னால் 2009இல் ஃப்ளோரிடாவில் தெரிய வந்ததாம். அங்கே காரிலும் குளத்திலும் ஒட்டுகிறது என்று பொண்ணு சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டது. வலையை மட்டும் பார்த்து நான் இரண்டு மாதம் கறுப்பையும் பாசி என்றே நினைத்துக் குளோரின் அடித்து வீணாக்கினேன். அதற்கு மருந்தே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். ஓலையில் இருக்கிறதற்கு மைதா மாவுக் கரைசல் அடிப்போமே, காய்ந்து செதிலாக உதிருமே, அந்த ஜாதிதான்.

பச்சைக்கும் முதலில் சோப்புத் தண்ணீர்தான். பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். கரூரில் வாங்கிய நூல்வலை என்று எழுதியிருந்தாய், அது வெயிலில் கிடந்து மொறுமொறுப்பாகியிருக்கும். ஓரத்தில் நகத்தால் சுரண்டிப் பார், இழை பொடிந்தால் கழுவுகிற வேலையே வேண்டாம், புது வலை மாற்று. நன்றாக இருந்தால் மிருதுவான பிரஷ்ஷைத் தொரட்டுக்கோலில் கட்டி, தரையில் நின்றபடியே மேலிருந்து கீழாகத் தேய். கம்பி பிரஷ் ஆகாது. கார் கழுவுகிற பிரஷர் மோட்டாரும் ஆகவே ஆகாது. முதல் வருஷம் ஒருத்தரை வாடகைக்குக் கூப்பிட்டு அடித்தேன். ஒரு மணி நேரத்தில் பளபளவென்று ஆனது உண்மைதான். மறுநாள் பார்த்தால் சட்டத்தின் காடியிலிருந்து வலையைப் பிடிக்கிற ரப்பர் பீடிங் பிதுங்கி, மூன்று கட்டத்தில் வலை கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

சோப்பை நன்றாக அலசி விட்ட பிறகும் பச்சை மிஞ்சினால்தான் ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற திரவ பிளீச். சோப்பையும் ஹைப்போவையும் ஒரே வாளியில் கலக்காதே. எலுமிச்சை வாசனை அது இது என்று எந்தச் சோப்பில் என்ன போட்டிருக்கிறான் என்று யார் கண்டது. பத்து சதவீத ஹைப்போ ஒரு லிட்டர் என்றால் தண்ணீர் பத்து லிட்டர். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம் ஹைப்போ. பழைய கேன் வேண்டாம், வெயிலிலும் சூட்டிலும் அதன் வீரியம் போய்விடும், நீ வேலை செய்யவில்லை என்று இன்னும் கூட்டி ஊற்றுவாய். ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடு. பத்து நிமிஷம் ஊறட்டும், அவசரப்பட்டு இழுத்துத் தேய்க்காதே, அதுவே வெளுக்கும். ஆனால் காய விடவும் கூடாது. காய்ந்தால் சட்டத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அதனால் வெயில் ஏறுவதற்குள், ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடு. ஒரு பக்கம் முடித்து அலசிவிட்டு அடுத்த பக்கம். காற்று உன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கண்ணாடி, கையுறை, ரப்பர் பூட்ஸ். செருப்போடு போனால் வழுக்கலில் நீ குளத்துக்குள்தான் இருப்பாய். என் நீல லுங்கி ஒரே நாளில் புலித்தோல் ஆகிவிட்டது, நல்ல துணி எதையும் கட்டாதே.

மருந்தடிக்கிற டேங்கில் ஊற்றி அடிக்கலாம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் அடிக்கிறேன், ஆனால் அதற்கென்று தனி டேங்க். களைக்கொல்லி அடித்த டேங்காக இருந்தால் மிச்சம் மீதி செடியில் விழும், பேரன் வந்தால் குளிக்கிற தண்ணீரிலும் விழும். புது டேங்கில் சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன்.

பெராக்சைடு அடிக்கலாமே என்று உனக்கு வாய் வரை வந்திருக்கும். அடிக்கலாம்தான், நன்றாக நீர்த்த பிறகு. உங்கள் பட்டறையில் வருமே ஐம்பது சதவீதக் கேன், அந்த நினைப்பில் கை வைக்காதே, தோல் வெந்துவிடும். ஹைப்போ அடித்த அன்றைக்கு அது வேண்டவே வேண்டாம்.

தேங்காய் போடுகிற பையன் விஷயம். அவனுக்கு அது ஒரு உயரமே இல்லை. ஆனால் தென்னை அவனைத் தாங்கும், அந்த அலுமினியக் குழாய் தாங்காது. வலையைத் தாங்கத்தான் அதைக் கட்டினார்கள், ஆளைத் தாங்க இல்லை. மேல் வலைக்கும் தொரட்டுக்கோலே போதும், எட்டாத இடத்துக்குச் சாரம் கட்டு. கோல் இரும்போ அலுமினியமோ என்றால் மின்கம்பி எங்கே போகிறது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார். தேங்காய் பறிக்கப் போய்க் கம்பியில் பட்டவர்களைப் பற்றி நம் ஊர்ப்பக்கம் எத்தனை கேட்டிருக்கிறோம். மூங்கில் கோல் என்றாலும் நனைந்துவிட்டால் நம்பாதே. குளத்து மோட்டாரை மெயினிலேயே அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கு.

கூண்டு ஓரம் தங்கச்சி வைத்திருக்கிற கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் முன்னாலேயே வயிறு நிறையத் தண்ணீர் விடு, முடிந்த பிறகும் விடு. ஈர மண்ணில் ஹைப்போ இறங்கினாலும் வேரை அவ்வளவாகச் சுடாது. கழுவின தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பாதே. இதை உனக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. 2011இல் கோர்ட்டு உத்தரவில் திருப்பூர்ச் சாய, பிளீச்சிங் பட்டறைகளை மூடி, நீ பையைத் தூக்கிக்கொண்டு கோபிக்குத் திரும்பிய அன்றைக்கு, சாயக்கழிவு ஓடின நொய்யலாற்றைப் பற்றி நீ பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

குளத்துக்குள் கொஞ்சம் ஹைப்போ சொட்டினால் பாதகமில்லை, விழுகிற பாசிதான் தண்ணீரைக் கெடுக்கும். மோட்டாரைப் போட்டு ஓட விட்டு, ஃபில்டரைக் கழுவிவிடு. குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பிஎச் (புளிப்பு-கார அளவு) 7.2 முதல் 7.8, இதற்குள் வந்த பிறகு பிள்ளைகளை இறக்கு. கருப்பனை அது வரைக்கும் கட்டிப் போடு, உன் நாய் கண்ட தண்ணீரையும் நக்கும்.

ஆசிட் கேனைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேள். பிரஷ் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன், வருகிற வியாழக்கிழமை தேங்காய் வண்டி அந்தப் பக்கம் வருகிறது, கொடுத்தனுப்புகிறேன். அதே வண்டியில் கொஞ்சம் மஞ்சள் அனுப்பு. மாசாணியம்மன் குண்டத்துக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு வருவதாக மூன்று வருஷமாக ஏய்க்கிறாய், உன் தங்கச்சி கணக்கு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் மாப்ளே