கிழக்கு லண்டன் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும்: பப் கட்டடங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள்

ஏப்ரல் 2021

அன்புள்ள சங்கத் தலைவர்களே, பழைய மாணவர் சங்கச் செயலாளர்களே, கோயில் அறங்காவலர்களே,

வணக்கம். உங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நம் பகுதியிலுள்ள பப் (மதுச்சாலை) ஒன்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். குடியால் சீரழிந்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நானும் குடிப்பதில்லை. நான் பேச வந்தது கட்டடங்களைப் பற்றியும், அவற்றைக் காப்பாற்றச் சட்டம் நமக்குத் தந்திருக்கும் ஒரு வழியைப் பற்றியும்.

கொரோனா காரணமாகச் சென்ற ஆண்டு மார்ச் 20ஆம் திகதி இரவு நாடு முழுவதும் பப்களை மூடினார்கள். மூன்று நாளில் நாமும் வீட்டுக்குள் முடங்கினோம். நாளுக்கு ஒரு தடவை நடக்கப் போகலாம், அவ்வளவுதான். நம்முடைய நியூஹாம் பகுதி அந்த முதல் அலையில் இங்கிலாந்திலேயே மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. செத்தவீட்டுக்குக்கூடப் போகமுடியாமல் தவித்த நாட்கள் அவை. வீட்டுக்குள் இருந்தால் மனம் உடைந்துவிடும் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு மாலையில் நடந்தேன். பூங்காவில் சனம் அதிகம் என்பதால் வீதி வீதியாகத்தான் நடந்தோம். எத்தனையோ வருடம் பஸ்ஸில் கடந்துபோன கட்டடங்களை அப்போதுதான் நின்று பார்த்தோம்.

மூடிக் கிடந்த ஒரு பப்பின் வாசலில் அம்மா குனிந்து நின்றுவிட்டார். படிக்கு மேலே கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன ஓடுகள் பதித்த தரை. நடுவில், ஆட்கள் காலை வைத்து வைத்து, ஓடுகள் குழிவிழுந்து மழுங்கியிருந்தன. “இது எங்கட பழைய வீட்டு விறாந்தை மாதிரியெல்லோ இருக்கு” என்றார். கண்ணாடியில் பூவேலை, சன்னலுக்குக் கீழே பச்சை மெருகு ஓடு, கதவில் பித்தளைத் தகடு. எல்லாம் தொழிலாளர்கள் கூடும் இடத்துக்காகச் செய்த வேலை. இந்தப் பகுதியில் சாதாரண மனிதனுக்காக இவ்வளவு கவனமாகக் கட்டிய கட்டடங்கள் வேறு அதிகம் இல்லை.

பார்க்கிங் வீதியும் கிறீன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் இருக்கும் பொலின் டாவேண் என்ற பப்பைப் பாருங்கள். 1900 வாக்கில் ஷூபிரிட்ஜ், ரைசிங் என்ற இருவர் வடிவமைத்தது. வெஸ்ட்ஹாம் கால்பந்து அணி 2016இல் பக்கத்து மைதானத்தை விட்டுப் போனபின் அந்த மூலையே வெறிச்சோடிப்போனது. ஆனால் அந்தக் கட்டடம் வரலாற்றுக் கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பட்டியலில் இருந்தது. இந்த லொக்டவுன் காலத்தில் அங்கே நடந்த திருப்பணியைத்தான் நடக்கும்போது பார்த்துக்கொண்டு போனோம். பட்டியலில் ஒரு பெயர் இருப்பதன் பலன் இதுதான்.

பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் கிட்டவே இருக்கிறது. அப்டன் லேனிலுள்ள ஸ்பொட்டட் டோக் என்ற பப் மரச்சட்டத்தில் எழுப்பிய பல நூற்றாண்டுக் கட்டடம். பழைய கொள்ளைநோய்க் காலத்தில் லண்டன் நகர வியாபாரிகள் இங்கே வந்து கூடித் தொழில் பார்த்தார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. 2004இல் பூட்டியது, பூட்டியபடியே கிடக்கிறது. இன்னொரு கொள்ளைநோய்க் காலத்தில் வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்தபோது எனக்குத் தாங்கமுடியவில்லை. ரொம்ஃபோர்ட் வீதியில் 1902இல் கட்டிய ஏர்ல் ஒஃப் எஸெக்ஸ் பப்பும் பல வருடமாகப் பூட்டித்தான் இருக்கிறது. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பப்பாக இருந்த ரஸ்கின் ஆர்ம்ஸ் இப்போது ஹோட்டல். அயர்ன் மெய்டன் என்ற புகழ்பெற்ற இசைக்குழு ஆரம்ப நாட்களில் வாசித்த இடம் அது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியுமோ?

சரி, நாம் என்ன செய்யலாம்? 2011ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சமூகத்துக்குப் பயன்படும் ஒரு கட்டடத்தைச் ‘சமூகப் பெறுமதியுள்ள சொத்து’ என்று பதியும்படி கவுன்சிலிடம் கேட்கலாம். கேட்பதற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை. வாக்காளர் இடாப்பில் பெயருள்ள உள்ளூர் ஆட்கள் 21 பேர் கொண்ட குழு போதும். நம்முடைய எந்தப் பழைய மாணவர் சங்கத்தில் 21 பேர் இல்லை? பதிவுபெற்ற தொண்டு நிறுவனமாக இருக்கும் கோயில்களும் கேட்கலாம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் இங்கே வாக்காளராகப் பதியலாம். கவுன்சில் எட்டு வாரத்தில் முடிவு சொல்லவேண்டும். பதிந்தால் ஐந்து வருடம் நிற்கும். உரிமையாளர் விற்க நினைத்தால் முதலில் கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டும். சமூகக் குழு ஒன்று வாங்க விரும்பினால் ஆறு மாத அவகாசம் கிடைக்கும். கடைசியில் நமக்குத்தான் விற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் சத்தமில்லாமல் கைமாறிப்போவதைத் தடுக்கும்.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாவனையில் இருக்கும்போதே, அல்லது மூடிக் கொஞ்சக் காலத்துக்குள்ளேயே கேட்டால்தான் இது எளிது. பத்து வருடம் பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கு இது அநேகமாக உதவாது. ஒரு வருடமாக வருமானமில்லாமல் தவிக்கும் பப்களில் எத்தனை மீண்டும் திறக்கும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால்தான் இப்போது அவசரப்படுகிறேன்.

அயலவர்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மைடா வேலில் இருக்கும் கார்ல்டன் டாவேண் என்ற பப்பைச் சொல்லலாம். 2015 ஏப்ரலில், அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது பரிசீலனையில் இருந்தபோதே, அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். அயலவர்கள் விடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் அதை இருந்தபடியே திரும்பக் கட்டும்படி உத்தரவிட்டது. இந்த மாதம் 12ஆம் திகதி, பப்கள் வெளியே மேசை போட்டுத் திறக்க அனுமதி கிடைத்த அதே நாளில், அதுவும் திறந்தது.

“இது வெள்ளைக்காரரின் இடம், நமக்கென்ன?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். நாற்பது வருடமாக நாம் இங்கே வீடு வாங்கி, கடை போட்டு, தேர் இழுக்கிறோம். இந்தத் தெருக்கள் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்ல நமக்கும் உரிமை இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் திரும்பத் திறந்ததும் பிள்ளைகளை ஒருநாள் ஈஸ்ட்ஹாம் நகர மண்டபத்திலிருந்து டென்மார்க் ஆர்ம்ஸ் பப் வரைக்கும், அங்கிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புனித மேரி மக்தலேன் தேவாலயம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போங்கள். அதற்கு ஒரு மாலை போதும்.

ஒவ்வொரு சங்கமும் தன் பகுதியில் ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, கோடைக்காலப் பொதுக்கூட்டத்துக்கு முன்னால் 21 கையெழுத்து வாங்கிவிடுங்கள். முதலில் பப்பை நடத்துபவரோடு ஒருதரம் பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் செய்யவேண்டாம். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. நிரப்பக் கை தேவைப்படுபவர்களுக்கு வேலை முடிந்த எந்த மாலையிலும் நான் வந்து உதவுகிறேன்.

இப்படிக்கு,
மனோர் பார்க் வாசி ஒருவர்