மலை ஏறுவதற்கு முன் 300 கிலோமீற்றர்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நாலு நாளாக விடாத மழை. புது யமஹா ஆர்15 பைக் கைக்கு வந்த அன்றைக்கே கொழும்பில் இருந்து நேரே ஹட்டன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று நீ போனில் சொன்னதும், அம்மா கோழிக்குச் சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு வராதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய்.

வராதே என்பதற்கு முதல் காரணம் என்ஜின் இல்லை, டயரும் பிரேக்கும். புது டயரின் மேல்தோல் அச்சில் இருந்து வந்தபடியே வழவழவென்று இருக்கும். அது தேய்ந்து சொரசொரப்பாக 150 கிலோமீற்றராவது வேண்டும். அதுவும் நடுப்பகுதிக்குத்தான், வளைவில் சாய்க்கும்போது தரையைத் தொடுகிற ஓரம் அதற்குப் பிறகும் புதிதாகவே இருக்கும். கித்துல்கலையைத் தாண்டி கினிகத்தேனைக்கு ஏறும் வளைவுகளில், மழை நாளில், பஸ் சிந்திய டீசல் மேல் அந்த ஓரத்தை முதல் முதலாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம். புது பிரேக் பேடும் அப்படித்தான். டிஸ்க்கோடு முகம் பொருந்தும் வரைக்கும் பாதிப் பிடிதான் பிடிக்கும். ஆளில்லாத நேரான ரோட்டில் 50இல் இருந்து 10க்கு, முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தி, இருபது தடவை வேகத்தைக் குறை. முழுசாக நிறுத்தி லீவரைப் பிடித்துக்கொண்டே நிற்காதே. சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டி அடையாளம் வைத்தால் பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் லீவர் துடிக்கும். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் அரைக் கிலோமீற்றர் ஓடி ஆறவிடு.

பைக் கைக்கு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி திரும்பத் திறக்க 2025 ஆனது; அவ்வளவு பொறுத்த உனக்கு இது ஒன்றும் இல்லை. அதற்குள் லைசனை எடுத்துப் பார். 100 சீ.சீ.க்கு மேல் ஓட்ட ‘ஏ’ வகுப்பு வேண்டும். ‘ஏ1’ மட்டும் இருந்தால் ஏதாவது நடக்கும்போது இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் முதலில் கேட்பான். ஸ்டிக்கருக்கும் சத்தமான சைலன்சருக்கும் வைத்திருக்கிற காசில் நல்ல கையுறையும், கணுக்கால் மூடிய சப்பாத்தும், மேலும் கீழுமாக இரண்டு துண்டாக வருகிற மழைக்கோட்டும் வாங்கு. டயர் காற்று பார்க்கிற சின்ன கேஜ் ஒன்றும், செயினுக்குப் போடுகிற ஸ்ப்ரே ஒன்றும் வாங்கி வை.

எடுக்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போ. ஷோரூம் விளக்கில் எந்தக் கீறலும் தெரியாது. படம் பிடிக்கிறதுக்கு முன் குனிந்து டயரின் பக்கச்சுவரைப் பார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2625 என்றால் 2025ஆம் ஆண்டின் 26ஆவது வாரம் செய்தது. இரண்டு டயரிலும் பார்த்து எழுதிக்கொள். பிறகு என்ஜின் நம்பரையும் சேஸி நம்பரையும் பதிவுத் தாளோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடு. பற்றறி நாள்கணக்காகச் சும்மா நின்றிருக்கும். மீற்றர் வைத்துப் பார்க்கச் சொல். ஓடாமல் நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் ஏற்றித்தான் தரவேண்டும். பிரேக் ஒயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா, கூலன்ட் டப்பாவில் அளவு இருக்கிறதா, செயின் தொய்வு, பின்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மில் ஒட்டியிருக்கிற அளவுக்குச் சரியா என்று அவர்கள் முன்னாலேயே பார். செயினை இழுத்துக் கம்பி மாதிரி விறைப்பாக வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்தால் அது இன்னும் இறுகும். கியர்பொக்ஸ் பேரிங்குக்குத்தான் அடி.

காற்றையும் நீயே பார். பெட்டியில் வந்த பைக்குகளுக்கு டயர் வடிவம் கெடாமல் இருக்க அதிகமாக அடித்து, அப்படியே குறைக்காமல் தருவது உண்டு. புது டயர், கூடின காற்று, மழை: மூன்றும் சேர்ந்தால் முதல் சந்தியிலேயே வழுக்கும்.

இனி என்ஜின். ரன்னிங் இன், அதாவது புது என்ஜினைப் பழக்குகிற ஓட்டம் பற்றி உன் கூட்டாளிகள் இரண்டு கட்சியாக இருப்பார்கள். நாற்பதைத் தாண்டாமல் ஆயிரம் கிலோமீற்றர் உருட்டு என்பது ஒரு கட்சி. முதல் நாளே முறுக்கி எடு என்பது மற்றது. இரண்டும் பிழை என்பது என் எண்ணம், ஆனால் முதல் கட்சியின் பிழையைத்தான் நம் ஆட்கள் அதிகம் செய்கிறார்கள்.

பிஸ்டன் ரிங் தன் விறைப்பால் மட்டும் சிலிண்டர் சுவரை அழுத்துவதில்லை. எரிகிற வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில்தான் ரிங்கின் ஓரமும் சுவரும் ஒன்றுக்கொன்று உரசிப் பொருந்தும். எக்சிலேட்டரை ஒரு நூல் மட்டும் திறந்து ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தால் அழுத்தம் போதாது. பொருந்த வேண்டியது பொருந்தாமல் சுவர் மெருகேறிவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க ஒயில் குடிக்கிற பைக்தான். பழைய இரும்புச் சிலிண்டர் அளவுக்கு இதில் அந்தப் பயம் இல்லை. ஆனால் இதில் வேறு ஒன்று இருக்கிறது: உள்ளே இரும்பு ஸ்லீவ் கிடையாது, சிலிக்கன் கூடிய அலுமினிய வார்ப்பு, யமஹாக்காரன் டயாசில் என்கிறான். கீறல் விழுந்தால் ஊர் லேத்தில் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போடுகிற கதை நடக்காது. சிலிண்டரையே மாற்ற வேண்டும். அதனால் முறுக்கவும் கூடாது.

யமஹா புத்தகம் 0 முதல் 1600 கிலோமீற்றர் வரைக்கும் ரன்னிங் இன் என்று வைத்திருக்கிறது. எத்தனை ஆர்.பி.எம். (நிமிசத்துக்கு என்ஜின் எத்தனை சுற்று) என்று அதில் போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம், வொரண்டியும் அதன்படிதான். என் கணக்கு இது. இந்த என்ஜின் முழு பலத்தையும் 10,000இல் தருகிறது. முதல் 500க்கு அதில் பாதியைத் தாண்டாதே. அந்தப் பாதிக்குள்ளேயே ஏற்றி இறக்கி ஓட்டு: மூன்றாம் கியரில் 3000இல் இருந்து 5000 வரைக்கும் கொஞ்சம் அழுத்தமாக ஏற்று, எக்சிலேட்டரை மூடி என்ஜினாலேயே வேகம் குறையவிடு, திரும்ப ஏற்று. மூடும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் உண்டாகி ரிங் ஓரத்துக்கு ஒயில் வந்து கழுவும். 500க்குப் பிறகு 6000, 7000 என்று கொஞ்ச நேரத்துக்குத் தொடலாம். 7400இல் வால்வு திறக்கிற அளவு மாறுகிற வீ.வீ.ஏ. சங்கதியை 1000 சேர்விஸ் வரைக்கும் மறந்துவிடு.

ஒரே ஆர்.பி.எம்.மில் அரைமணி நேரம் ஓடுவதுதான் முதல் எதிரி. அதற்கு ஏற்ற ஹைவேயில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள், அந்த மட்டில் நல்லது. கொழும்பு நெரிசலும் உதவாது. நின்று நின்று ஃபேன் சுற்றும், சூடு ஏறும், கிலோமீற்றர் ஏறாது. ஞாயிறு விடிய ஐந்தரைக்குக் கிளம்பி, ஹங்வெல்லைப் பக்கமாக அவிசாவளை போய்த் திரும்பு. போக வர நூறு கிலோமீற்றருக்குக் குறையாது. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி முழுசாக ஆறவிடு. சூடாகி ஆறுவதும் ரன்னிங் இன் கணக்கில் சேர்த்தி. மூன்று ஞாயிறு இப்படிப் போனால் 300 தாண்டும். நாலாம் ஞாயிறு இங்கே வா, கோழி எங்கேயும் போகாது.

அவிசாவளையில் இருந்து ஹட்டனுக்கு எழுபது கிலோமீற்றர் சொச்சத்தில் 1200 மீற்றருக்கு மேல் ஏறுகிறாய். இந்த ரோட்டைப் போல ரன்னிங் இன்னுக்கு வேறு ரோடு இல்லை: ஏற்றம், வளைவு, சின்ன இறக்கம் என்று சுமை மாறிக்கொண்டே இருக்கும். கெடுப்பது ஒன்றுதான்: ஆர்.பி.எம். கூடக்கூடாது என்று பயந்து நாலாம் கியரிலேயே 2500இல் எக்சிலேட்டரை முழுக்கத் திறந்து இழுப்பது. என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஒயில் பம்பும் மெதுவாகத்தான் தள்ளும், ஆனால் பிஸ்டன் தலையில் விழுகிற அடி பெரியது. பேரிங்கில் ஒயில் படலம் மெலியும். கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் உடனே கியரை இறக்கு. ஏற்றத்தில் 4500இல் லேசான கை, 2500இல் முழுக் கையைவிட நல்லது. வட்டவளை தாண்டும்போது பலம் குறைந்த மாதிரி இருந்தால் பைக்கில் பழுது இல்லை. ஹட்டன் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. இன்ஜெக்‌ஷன் பெற்றோலைத் தானே அளந்து குறைத்துக்கொள்ளும், ஆனால் இல்லாத காற்றை அதனாலும் கொண்டுவர முடியாது.

திரும்பிப் போகும்போது, இங்கே திரீவீல்காரர் செய்கிற மாதிரி பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டாதே. கியரில் போட்டு எக்சிலேட்டரை முழுக்க மூடினால் இன்ஜெக்‌ஷன் பெற்றோலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் ஐடிலுக்குக் குடித்துக்கொண்டிருக்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் ஒயில் கொதித்து லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும். ஏறின கியரிலேயே இறங்கு. இந்தப் பைக்கில் உடம்புப் பாரம் மணிக்கட்டில் விழும்; இறக்கத்தில் முழங்காலால் டாங்கை இறுக்கிப் பிடித்தால் கை வலிக்காது.

இங்கே காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு நிமிசம் போதும். ஹெல்மெட் மாட்டி கையுறை போடுகிற நேரம். பத்து நிமிசம் நிறுத்தி வைத்து உறும விடுவது குளிரில் கெடுதல். கூடுதலாகப் பாய்கிற பெற்றோல் சிலிண்டர் சுவர் வழியே ஒயிலில் கலக்கும். மெதுவாக ஓட்டித்தான் சூடாக்க வேண்டும். கூலன்ட் சீக்கிரம் சூடாகும், ஒயிலுக்கு ஐந்தாறு கிலோமீற்றர் வேண்டும்.

முதல் சில நாள் சைலன்சர் பக்கம் எரிகிற மணம் வரும், நியூட்ரல் விழ மறுக்கும். இரண்டுக்கும் பயப்படாதே. கிளச் கேபிள் இழுபட்டு லீவர் பிடிக்கிற இடம் மாறும், செயின் தொய்யும். 200இலும் 500இலும் பார்த்துச் சரிபண்ணு. கவனிக்க வேண்டியது வேறு: நீண்ட இறக்கம் முடிந்து எக்சிலேட்டரைத் திறக்கும்போது பின்னால் நீலப் புகை வருகிறதா, 300 கிலோமீற்றருக்கு ஒருதரம் பார்த்தால் ஒயில் மட்டம் இறங்குகிறதா. வந்தால் படம் எடுத்து வை, சேர்விஸில் எழுதிக் கொடு. வாய்ப்பேச்சு நிற்காது.

1000இல் முதல் சேர்விஸ். ஒயிலோடு ஃபில்டரையும் மாற்ற வேண்டும், பில்லில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா பார். மோட்டார் சைக்கிள் ஒயில், டின்னில் ஜாசோ எம்.ஏ. என்று போட்டிருக்க வேண்டும். கார் ஒயிலில் வழுக்கலுக்கு என்று சேர்க்கிற சரக்கு கிளச் பிளேட்டை வழுக்க வைக்கும். ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும்; டின்னில் மிச்சம் இருக்கிறதே என்று முழுவதையும் ஊற்ற விடாதே. வடித்த ஒயிலை வெயிலில் காட்டிப் பார்: சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு இருந்தால் சரி, விரலில் நெருடுகிற துண்டு இருந்தால் சரியில்லை. அப்படியே முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா பார்க்கச் சொல். புதிதில் அது இளகும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

500 வரைக்கும் பின்னால் யாரையும் ஏற்றாதே. அம்மா அந்தப் பின்சீட்டின் உயரத்தைப் பார்த்தாலே ஏறமாட்டாள், தங்கச்சியைத்தான் சொல்கிறேன்.

வரும்போது தோட்டத்து ஸ்டோர் வரைக்கும் தார் ரோடு இருக்கிறது. அதற்கு மேலே நம் லயத்து வீட்டுக்கு ஏறுகிற கல்ரோட்டில் இந்த மழையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. என்ஜினுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் முதல் கல்லிலேயே போய்விடும். ஸ்டோர் வாட்சரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கூரைக்குக் கீழே நிறுத்திவிட்டு நடந்து வா. சாவியையும் ஹெல்மெட்டையும் கையோடு கொண்டு வா.

அன்புடன்,
அப்பா