புழுவெட்டில் புழு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணப்பாறையில் சலூன் வைத்திருக்கிறேன். கத்தி பிடித்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில், தலையில் வட்டமாக முடி கொட்டிப்போகும் புழுவெட்டுக்கு நேர்வாளங்கொட்டையை எலுமிச்சைச் சாற்றில் இழைத்துப் போடச் சொல்லி ஒரு துணுக்கு வந்திருந்தது. கடைக்கு உங்கள் பேப்பர்தான் வாங்குகிறேன். திங்களன்று நாலு பேர் அதைக் காட்டி, “இது கேக்குமாண்ணே?” என்று கேட்டுவிட்டார்கள். செவ்வாய் கடை லீவு என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளித்துப்போகும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு பாட்டி, ஆறாவது படிக்கிற பேரனைக் கூட்டி வந்தார். பின்மண்டையில் பழைய எட்டணா அகலத்துக்கு ஒரு வட்டம். துணியைக் கட்டிச் சீப்பை வைத்ததும் பையன் துள்ளினான். விலக்கிப் பார்த்தால் வட்டம் முழுக்கப் புண், நடுவில் பொருக்கு, ஓரத்தில் நீர். “புழு சாவணும்ல தம்பி, எரியத்தான் செய்யும்” என்றார் பாட்டி. மெஷினே வைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். புண் ஆழமாகித் தழும்பு விழுந்துவிட்டால், அந்த இடத்தில் அப்புறம் எந்த மருந்துக்கும் முடி வராது.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருபது வருஷம் சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்கச் சொன்னவன் நான். நிறையப் பேருக்கு முடி வந்தது. கைராசிக்காரன் என்று பெயரும் வந்தது. பிறகு ஒன்பதாவது படித்த என் மகளுக்கே வந்தது. ஊரார் தலையெல்லாம் பார்க்கிறவன் கண்ணில் அது படவில்லை. சடை பின்னும்போது அவள் அம்மாதான் பார்த்தாள். இரண்டு மாதம் வெங்காயம் தேய்த்தோம். ஒரு வட்டம் மூன்றானது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் யோசித்தார்கள்.

திருச்சியில் தோல் டாக்டர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. புழுவும் இல்லை, கிருமியும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் அணுக்களே முடிவேரை எதிரி என்று நினைத்து அடிக்கின்றன. வேர் சாவதில்லை, தூங்குகிறது. அதனால் ஒன்றிரண்டு வட்டம் மட்டும் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே முடி திரும்பிவிடும். என் கைராசியின் ரகசியம் இதுதான்! மகளுக்கு மெல்லிய ஊசியால் வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக ஸ்டீராய்டு போட்டார்கள், மாதம் ஒரு தடவை. மூன்றாம் மாதம் கடை விளக்கடியில் உட்கார வைத்துப் பார்த்தேன். பூனைமயிர் மாதிரி, அதுவும் வெள்ளையாக! பதறிவிட்டேன். முதலில் அப்படித்தான் வரும், பிறகு கறுக்கும் என்றார் டாக்டர். கறுத்தது.

மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். இனி எழுதுவது அவள் படித்துச் சொன்னது. வெங்காயச் சாற்றை 2002-இல் பாக்தாத்தில் சோதித்திருக்கிறார்கள். தடவிய 23 பேரில் 20 பேருக்கு முடி வந்தது. வெறும் தண்ணீர் தடவிய 15 பேரில் இரண்டு பேருக்குத்தான். ஆகவே வெங்காயத்தை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆனால் மொத்தமே 38 தலை. என் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கே அதைவிட அதிகம் வரும். தோலை உறுத்தி முடி வரவைக்கும் வைத்தியம் டாக்டர்களிடமும் உண்டு. டைஃபென்சிப்ரோன் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, லேசாக அரிக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுவார்கள். பாட்டியின் யோசனையில் பாதி சரி, அளவுதான் இல்லை.

அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏஞ்சலா கிறிஸ்டியானோ என்ற அம்மா இந்த நோயின் மரபணுக்களை ஆராய்ந்தவர். அவருக்கே இது வந்திருக்கிறது. அதையும் முதலில் பார்த்துச் சொன்னது சலூன்காரர்தானாம்! முடக்குவாதத்துக்குக் கொடுத்துவந்த பாரிசிட்டினிப் மாத்திரையை, புழுவெட்டால் தலை பெருமளவு வழுக்கையான பெரியவர்களுக்குத் தர 2022 ஜூனில் அந்த நாட்டில் அனுமதி கிடைத்தது. நோய்த்தொற்று வரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் பார்த்துத்தான் தருவார்கள். நிறுத்தினால் மறுபடி கொட்டவும் கூடும். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை.

தொழில்காரனாக ஒன்று. பிள்ளைகள் தலையில் வருகிற படையையும் புழுவெட்டு என்றே சொல்கிறார்கள். அது பூஞ்சை, ஒட்டும், சீப்பிலும் மெஷினிலும் பரவும், உள்ளுக்கு மாத்திரை சாப்பிட்டால்தான் போகும். அதில் செதில் உதிரும், அரிக்கும். புழுவெட்டு வட்டம் தேய்த்த பளிங்கு மாதிரி வழவழப்பாக இருக்கும். ஓரத்தில் நுனி தடித்து அடி மெலிந்த குட்டை முடிகள் நிற்கும். சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

அந்தத் துணுக்கு தவறு என்று அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். திங்களன்று கேட்ட நாலு பேருக்கு நானே சொல்லிவிட்டேன். ஐந்தாவதாக ஒருவர் ஷேவிங்குக்கு வந்தவர், எதுவும் கேட்காமல் அந்த மூலையைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வெளியூர் ஆள். பேர்கூடத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு முடிதிருத்துநர்,
மணப்பாறை.