512 அல்ல, 89

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் புதிர்ப் பக்கத்தில் வந்த பெஞ்சுக் கணக்கைப் பற்றி எழுதுகிறேன். நீளமான ஒரு பெஞ்சில் பத்துப் பேர். இடைவேளைக்கு எழுந்து போய்த் திரும்பும்போது அவரவர் பழைய இடத்திலோ, அதை ஒட்டிய இடத்திலோதான் உட்காரலாம். எத்தனை விதமாக உட்காரலாம் என்பது கேள்வி. இந்த இதழில் விடை 512 என்று அச்சாகியிருக்கிறது. தவறு, 89தான் சரி.

பத்துப் பேருக்கு நடுவே ஒன்பது இடைவெளி, ஒவ்வொன்றின் இரு பக்கத்தாரும் தங்களுக்குள் இடம் மாறலாம் அல்லது மாறாமல் இருக்கலாம், ஆகவே இரண்டை ஒன்பது முறை பெருக்கு என்கிறது உங்கள் விளக்கம். மூன்று பேரை வைத்துப் பார்த்திருந்தாலே குட்டு உடைந்திருக்கும். இந்த வழிப்படி நான்கு விதம் வர வேண்டும். யாரும் மாறாதது ஒன்று, முதல் இருவர் மாறுவது ஒன்று, கடைசி இருவர் மாறுவது ஒன்று. நான்காவதற்கு நடுவில் இருப்பவர் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் போயாக வேண்டும்!

நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். இந்தப் புதிரை வகுப்பில் கொடுத்திருந்தேன். நான்கு பேருக்கு 5 என்று சரியாக எழுதியிருந்த ஒரு பெண், உங்கள் விடை வந்ததும் அதை அழித்துவிட்டு 8 என்று திருத்திக்கொண்டு வந்தாள். "புக்லயே போட்டிருக்கு டீச்சர்" என்றாள். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுதான்.

பிறகு பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்தே பார்த்தோம். முதல் இடத்துக்காரனை மட்டும் கவனித்தால் போதும். அவன் அங்கேயே உட்கார்ந்தால் மிச்சம் ஒன்பது பேர். அவன் இரண்டாம் இடத்துக்குப் போனால், காலியான முதல் இடத்துக்கு வரக்கூடியவன் இரண்டாமவன் ஒருவன்தான். இருவரும் இடம் மாறியாக வேண்டும், மிச்சம் எட்டுப் பேர். ஆக பத்துப் பேருக்கான விடை, ஒன்பது பேருக்கும் எட்டுப் பேருக்கும் உரிய விடைகளின் கூட்டல். ஒருவருக்கு 1, இருவருக்கு 2. அங்கிருந்து 3, 5, 8, 13, 21, 34, 55, 89. தடையே இல்லாவிட்டால் பத்துப் பேருக்கு 36,28,800 வரிசை உண்டு. ஓர் இடத்துக்கு மேல் நகராதே என்றதும் அத்தனையும் 89க்குள் அடங்கிவிடுகிறது.

இவை இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபனாச்சியின் பெயரால் வழங்கும் எண்கள். அவர் 1202இல் எழுதுவதற்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தின் ஹேமசந்திரர் யாப்புக்காக இதே எண்களைச் சொல்லியிருக்கிறார். தமிழ் அம்மாவிடம் கேட்டால் இன்னும் சுலபம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குறிலும் நெடிலும் மட்டுமே கொண்டு பத்து மாத்திரையை நிரப்ப 89 வழி. (அரை மாத்திரை மெய்யெழுத்தை இழுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) நகராதவன் குறில், இடம் மாறிய ஜோடி நெடில், அவ்வளவுதான்.

வெறும் விளையாட்டுக் கணக்கு என்றும் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்துத் தேவாலயங்களில் தொங்கும் மணிகளை, ஒன்றுக்கு ஓர் ஆளாகக் கயிற்றைப் பிடித்து, வரிசையை மாற்றி மாற்றி அடிக்கும் மரபு உண்டு. எல்லா மணியும் ஒரு தடவை ஒலித்தால் ஒரு சுற்று. முழு வட்டமாகச் சுழலும் கனத்த மணியைக் கொஞ்சம் முந்தவோ பிந்தவோதான் வைக்க முடியும். அதனால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் எந்த மணியும் ஓர் இடத்துக்கு மேல் நகராது. நம் பெஞ்சேதான். எட்டு மணி என்றால் அடுத்த சுற்றுக்கு 34 வழி. எதுவும் மாறாததைக் கழித்தால் 33. இப்படி ஓரிடம் ஓரிடமாக நகர்த்தியே எட்டு மணியின் 40,320 வரிசைகளையும், ஒன்றுகூடத் திரும்ப வராமல், 1963இல் அங்கே லஃப்பரோ என்ற ஊரில் எட்டுப் பேர் அடித்து முடித்தார்கள். ஆள் மாறவில்லை, கிட்டத்தட்ட 18 மணி நேரம். கை என்னவாகியிருக்கும் என்றுதான் என் பிள்ளைகள் கேட்டார்கள்.

பெஞ்சுக்குப் பதில் வட்ட மேசை போட்டால் 125. பத்தாமவரும் முதலாமவரும் ஒட்டி வந்துவிடுகிறார்கள். அவர்கள் தங்களுக்குள் மாறிக்கொண்டால் மிச்சம் எட்டுப் பேருக்கு 34, மாறாவிட்டால் பழைய 89. எல்லோரும் சேர்ந்தாற்போல் வலப்பக்கம் ஓர் இடம் நகர்வது ஒன்று, இடப்பக்கம் நகர்வது ஒன்று. இந்தக் கடைசி இரண்டை நானே முதலில் விட்டுவிட்டேன்.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கூடவே, ஒவ்வொருவரும் இரண்டு இடம் வரை நகரலாம் என்று மாற்றி இந்தப் புதிரையே மறுபடி கொடுக்கலாம். நான்கு பேருக்கு 14 என்று அந்தப் பெண்ணே கண்டுபிடித்துவிட்டாள். இந்தத் தடவை அழிக்கவில்லை. பத்துப் பேருக்கு எனக்கு 2,177 வருகிறது. உங்கள் விடையை அச்சேற்றும் முன் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை,
கும்பகோணம்