பங்காளிக்கு: வடகடல், தென்கடல், உன் செருப்பு

மதுரை,
பங்குனி 10.

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. கையால் எழுதிய கடிதம் இந்த வீட்டுக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று! தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்கு இந்த வருஷம் கண்ணில் புரை. ஒரு கண் முடிந்தது, அடுத்தது ஆடிக்கு மேல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் செல்போனில் படம் பார்த்து ராமேஸ்வரம் போகிற வழியில் அரியமான் கடற்கரைப் பக்கம் நாலு ராத்திரிக்கு அறை போட்டுவிட்டாள், கடலையே பார்த்துக்கொண்டிருந்தால் பேரன் இரண்டாம் நாளே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான், சுற்றிலும் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். மாசியில் நானும் வீட்டுக்காரியும் அதே பக்கம் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். ராமேஸ்வரம் என்றால் விடியற்காலையில் கிளம்பி, இருபத்திரண்டு தீர்த்தமும் நனைந்து, தனுஷ்கோடியில் ஒரு போட்டோ எடுத்து, ராத்திரியே மதுரை திரும்புவதுதான் நம் ஆட்களின் வழக்கம். நாமும் அப்படித்தானே எத்தனையோ முறை போய் வந்தோம். அந்தக் கரையில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே எனக்கு இப்போதுதான் உறைத்தது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே இரண்டு கடல் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு வடகடல், தென்கடல். சுற்றுலா வண்டிக்காரர்கள் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வாடை அடிக்கும்போது வடகடல் எழும்புவதைப் பார்த்தவன் அதற்குச் சாது என்று பெயர் வைத்திருக்கமாட்டான். வாடை ஓய்ந்து, தெற்கிலிருந்து சோழகமும் மேற்கிலிருந்து கச்சானும் வீச ஆரம்பித்தால் கதை தலைகீழ். தென்கடல் பொங்கும், வடகடல் கண்மாய் மாதிரி கிடக்கும். நீ வருவது சித்திரைக் கடைசியில். அரியமான் வடகடல் பக்கம் இருப்பதால் உனக்கு அதிர்ஷ்டம்தான். சவுக்குத் தோப்பு நிழல், அலையே இல்லாத தண்ணீர், பேரன் இடுப்பளவில் நின்று விளையாடலாம். தென்கடல் பக்கம் தீவுக்குப் படகு என்று யாராவது ஆசை காட்டினால், காற்று எப்படி என்று முதலில் கேட்டுக்கொள்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுக்குத் தடை. மீன் இனப்பெருக்கக் காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகும் வள்ளமும் மட்டும்தான் போகும். அதனால் மீன் கொஞ்சம் விலை சொல்வார்கள், ஆனால் அன்று பிடித்தது அன்றே கரைக்கு வரும். விடுதிச் சாப்பாட்டை ஒரு வேளை தள்ளிவைத்துவிட்டு, காலையில் கரைக்குப் போய் விளமீனோ நண்டோ வாங்கி, சமைத்துத் தரும் வீடு ஒன்றைக் கேட்டுப் பிடி. நாங்கள் சாப்பிட்ட கணவாய்த் தொக்கை வீட்டுக்காரி இன்றைக்கும் பேசுகிறாள். என் சமையலைப் பற்றி இப்படி ஒரு நாள் பேசியிருக்கிறீர்களா என்று ஒரு குத்தும் கூடவே வரும்.

மதுரையிலிருந்து காரில்தானே வருகிறீர்கள்? திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று வழி நெடுக வைகை கூடவே வரும், அதாவது வைகை மணல். மானாமதுரையில் கடம் செய்யும் வீடுகள் இருக்கின்றன, பேரன் தட்டிப் பார்க்கட்டும். பரமக்குடி தாண்டினால் ரோட்டோரம் குண்டு குண்டாக மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. ஒரு கிலோ வாங்கிக்கொள். புனேயில் உனக்கு அந்தக் காரம் கிடைக்காது.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே திருப்புல்லாணி. ராமர் கடலைத் தாண்ட வழி கேட்டு, தர்ப்பைப் புல்லில் படுத்துக் கிடந்த இடம் என்பார்கள். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. நான் அவசரப்பட்டு பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றேன், நடை சாத்திவிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் எங்கே போவது? பக்கத்தில் சேதுக்கரைக்குப் போனோம். கடலைப் பார்த்து நிற்கும் ஆஞ்சநேயர் கோயில். தை, ஆடி அமாவாசைக்குக் கால் வைக்க இடமிருக்காதாம், அன்றைக்கு எங்களோடு நாலு ஆடுகள்தான். அங்கேதான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். கார் மணலில் ஓடும் என்று நினைத்து இறக்கிவிட்டேன். பின்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வந்து பார்த்தார்கள், சிரித்தார்கள், பனையோலையை இழுத்துவந்து சக்கரத்துக்கு அடியில் போட்டார்கள். "மெதுவா எடுங்கண்ணே, மிதிக்காதீங்க." கார் வெளியே வந்தது. காசு கொடுத்தால் வாங்கவில்லை. நாலு மணிக்குத் திரும்பவும் திருப்புல்லாணி போய் தரிசனம், பாயசப் பிரசாதம் எல்லாம் ஆயிற்று. நீ காலையிலேயே போய்விடு.

அப்படியே உத்தரகோசமங்கை. மண் முந்தியோ மங்கை முந்தியோ என்று ஒரு பேச்சு உண்டே, அந்த ஊர்தான். மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் இருப்பார், மார்கழித் திருவாதிரைக்குத்தான் கலைப்பார்கள். கோயிலை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். தேவிபட்டினம் நவபாஷாணத்தை மருமகள் கேட்டால் போய் வாருங்கள். கடலுக்குள் ஒன்பது கல், பரிகாரக் கூட்டம். எனக்கு அங்கே மனம் நிற்கவில்லை.

கீழக்கரைக்குக் கண்டிப்பாகப் போ. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று நம் அப்பத்தாக்கள் சொல்வார்களே, அந்தச் சீதக்காதியின் ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்தவர். அங்கே பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தால் மீனாட்சி கோயில் மண்டபத்துத் தூணுக்கு அண்ணன் தம்பி என்று தோன்றும். அதே தச்சு, அதே போதிகை. உருவங்கள் மட்டும் கிடையாது, பூவும் கொடியும்தான். தொழுகை நேரம் தவிர்த்து, கேட்டுக்கொண்டு போ. பிறகு தொதல் வாங்கு. தேங்காய்ப்பாலும் மாவும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. அல்வா மாதிரி இருக்கும், ஆனால் அல்வா இல்லை. மலாய்க்காரர்களும் இதையே தோதோல் என்கிறார்கள். கப்பல் போன வழியில் வந்த பண்டம். வாசலில் ஓர் அம்மா, இது ஒரு வாரம் கெடாது, பயப்படாமல் எடுத்துப் போங்கள் என்றார். எங்கள் வீட்டில் அது ஒரு வாரம் தாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாம்பன் பாலத்தைப் பற்றி நீ பத்திரிகையில் படித்திருப்பாய். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும். பேரனுக்கு அதுதான் பிடிக்கும். ரோட்டுப் பாலத்தில் நின்று எல்லோரும் வேடிக்கை பார்ப்பதால் போக்குவரத்து திணறும், நீயும் நின்று அதைத் திணறடிப்பாய்.

பாலம் தாண்டினதும் நேரே ராமேஸ்வரத்துக்கு ஓடாதே. பாம்பன் தென்கரையில் சின்னப்பாலம் என்று ஓர் ஊர். அங்குள்ள பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுப்பவர்கள். சேலைக்கு மேல் டீ-சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள், பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருவார்கள், திரும்பவும் உள்ளே. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டேன். "அதை எண்ணினா மூச்சு பத்தாது" என்றார் ஓர் அம்மா. வயது என் அக்காவுக்கு இருக்கும். அவர்கள் எடுக்கும் ஒரு பாசிக்குப் பெயர் மரிக்கொழுந்து! வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். மதுரையில் கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறோம், இங்கே கடலுக்கடியில் முளைக்கிறதா என்று கேட்டாள். அதிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள், ஐஸ்கிரீமுக்கும் மருந்துக்கும் போகிறது. அவர்கள் பாசி எடுக்கப் போகும் தென்கடல் தீவுகளைச் சுற்றி 1986-லிருந்து தேசியப் பூங்கா, மொத்தம் 21 தீவு. பாட்டி காலத்திலிருந்து போன இடத்துக்கு இப்போது அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் குறை. பவளப்பாறையையும் காப்பாற்றத்தானே வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. விரல்களைப் பார்த்தேன், சொல்லவில்லை.

தங்கச்சிமடத்தில் உனக்கு ஓர் ஆச்சரியம் இருக்கிறது. மதுரை மல்லி, மதுரை மல்லி என்று உலகத்துக்கே பீற்றிக்கொள்கிறோமே, 2013-ல் புவிசார் குறியீடு வேறு வாங்கிவிட்டோம், அந்தச் செடிக்கு நாற்று இந்தக் கடல் மணலில்தான் வளர்கிறது. பதியன் போட்டு, கட்டுக்கட்டாக நம் பக்கம் அனுப்புகிறார்கள். அறுபது வருஷம் மதுரையில் பூ வாங்கியவன் நான், எனக்கு இது தெரியாது.

தனுஷ்கோடியைப் பற்றி நீயே அறிவாய். 1964 டிசம்பர் புயலில் ரயிலோடு போன ஊர். இப்போது அரிச்சல்முனை வரைக்கும் தார்ரோடு. விடியற்காலையில் போ, கூட்டம் வருவதற்குள் திரும்பு. அவ்வளவுதான்.

இனி, நான் இந்தக் கடிதம் எழுதிய காரணத்துக்கு வருகிறேன். நாம் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு, யானைக்கல் பாலத்து நெரிசலில் உன் ஒற்றைச் செருப்பு கீழே விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? வைகையில் திறந்துவிட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நீ அழவில்லை. "விடுடா, நேரா ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்துரும்" என்றாய். வைகை கடலுக்கே போகாது, ராமநாதபுரம் கண்மாயோடு சரி என்று நான் பூகோள வாத்தியார் மாதிரி சொன்னேன். பாற்கடல் சிவனுக்கு நஞ்சைக் கொடுத்தது, அதனால் வைகை கடலில் சேராது என்று ஒரு பழைய பாட்டு வேறு இருக்கிறது என்றேன். சிம்மக்கல் கடையில் நாலு பரோட்டா பந்தயம்.

கடைசி நாள் அழகன்குளத்துக்குப் போனோம். ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே போகிற வழி. சாதாரண ஊர், பனையும் சீமைக்கருவேலமும். அங்கே 1980-களிலிருந்து தொல்லியல் துறை தோண்டியதில் ரோமானியக் காசும் பானையோடும் கிடைத்திருக்கின்றன. ஓர் ஓட்டில் கப்பல் படமே கீறியிருக்கிறது. பாண்டிய நாட்டுச் சரக்கை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பிய துறை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆறு எங்கே போகிறது என்று எவனும் பந்தயம் கட்டியிருக்கமாட்டான்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஊர்ப் பெயரே ஆற்றங்கரை. வள்ளங்கள் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், இது என்ன ஆறு என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வைகைதான். எந்த ஊர்?" என்றார். மதுரை என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க ஊர்த் தண்ணி மழை நல்லாப் பேஞ்ச வருசம் இங்கதான் வந்து விழுவும். பெரிய கண்மாய் நெறஞ்சு மிச்சம் வரும். மத்த வருசம் கடத்தண்ணிதான் உள்ள ஏறி நிக்கும்."

ஆக, பந்தயத்தில் நீ பாதி ஜெயித்தாய். வடகடல்தான், ராமேஸ்வரம் இல்லை. அதனால் இரண்டு பரோட்டா தருகிறேன், நாலு கிடையாது. 258 கிலோமீட்டர் ஓடி வந்த ஆறு அங்கே முழங்கால் ஆழத்தில், அசையாமல், கடல் பக்கம் ஒரு மணல் திட்டோடு நிற்கிறது. நான் ரொம்ப நேரம் நின்றேன். வீட்டுக்காரி கார் பக்கம் போய் இரண்டு தரம் கூப்பிட்டாள்.

நீ வரும்போது நானும் ஒரு நாள் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன், ஆற்றங்கரைக்குச் சேர்ந்தே போவோம். அப்போது நுங்குக் காலம், பதநீரும் இருக்கும். பேரனுக்குத் தொப்பி வாங்கிவை, அந்த வெயில் சும்மா விடாது. திட்டில் ஒதுங்கிக் கிடந்த குப்பையில் நிறையச் செருப்பு, எல்லாம் ஒற்றை ஒற்றையாக. உன்னுடையதைத் தேடிப் பார்த்தேன், இல்லை.

அன்புடன்,
முருகேசன்